தொங்க வேண்டிய ரோபோ

நீர்வேலிப் பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க அருட்செல்வன் மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே என்ன? சுன்னாகத்தில் பெரிய டியூட்டரி வகுப்பு நடத்துகிறவர் அவர். மாகாண ரோபோப் போட்டியின் இறுதிச் சுற்றில் அவருடைய அணிக்கு எதிரே நிற்க, போயும் போயும் வாழைத்தோட்டத்துக்குள் இருந்து வந்ததுகளா? ரோபோவைச் சாக்கில் சுற்றி, லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் வாழைக்குலையோடு குலையாகக் கொண்டுவந்து, போட்டி நடக்கிற தெல்லிப்பழை மண்டபத்தில் இறக்கியதுகள்.

வென்ற அணிக்குச் சிங்கப்பூர்ப் பயணம். கூடப் போகிறவர் அந்த அணியின் மாஸ்டர். தன் படத்தை ஆளுயரத்திலும் பிள்ளைகளின் படங்களை முத்திரை அளவிலும் போட்டு, ‘முதலிடம்’ என்று பனர்கூட அடித்துக் கார் டிக்கியில் வைத்திருந்தார். சுன்னாகம் சந்தியில் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் அந்தச் சாக்கு ரோபோ காலையிலிருந்து ஒருமுறைகூட வழுக்கவில்லை.

போட்டியின் முடிவில் ரோபோ கம்பியைப் பிடித்து மேலே ஏற வேண்டும். விசில் ஊதியதும் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். மோட்டார் செத்த பிறகும், நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை அது தொங்க வேண்டும். எல்லா அணிக்கும் ஒரே மாதிரிப் பற்சில்லுச் சக்கரம்தான் கொடுத்திருந்தார்கள். அது பின்னுக்குச் சுழலாமல் பல்லுக்குள் விழுந்து பிடிக்கிற நாக்கை மட்டும் அவரவரே செய்துகொள்ள வேண்டும்.

மாஸ்டர் தங்களுடைய நாக்கைக் கெட்டி இரும்பில் கடைசல் பட்டறையில் வெட்டுவித்தார். “இன்னொண்டும் வெட்டி வைப்பமோ, சேர்?” என்று கேட்டாள் நிவேதனா. அவருடைய அணியில் உண்மையாகவே வேலை செய்கிறவள் அவள்தான்.

“நான் செய்விச்ச சாமான் உடையுமெண்டோ நினைக்கிறீர், பிள்ளை?” என்று அவள் வாயை அடைத்தார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுப் பார்சலோடு வேப்ப மரத்தடிக்குப் போனார்கள். நிவேதனா நீர்வேலி அணியின் ஆரணியோடு ஒட்டி உட்கார்ந்து குசுகுசுத்துக்கொண்டிருந்தாள்.

“உவையோடை உமக்கென்ன கதை?” என்று அதட்டினார் மாஸ்டர்.

நிவேதனா திடுக்கிட்டாள். “சும்மா, சேர். எங்கடை வீட்டிலையும் ஆரணியின்ரை வீட்டிலையும் பங்குக் கிணறு. அதைப் பற்றித்தான்...”

பங்குக் கிணறு என்ற சொல்லே மாஸ்டருக்கு ஆகாது. சொந்த அண்ணைக்குத் தண்ணீர் இறைக்கும் முறையை விடாமல், இறைப்பு மெசினின் பெல்ட்டைக் கழற்றி ஒளித்துவைத்து, கோடேறி வழக்காடி, கடைசியில் அந்த மனிதனைக் கிணற்றுப் பக்கமே வரவிடாமல் பண்ணியவர் அவர். பங்கு போடுகிறவன் முன்னேற மாட்டான் என்பது அவருடைய கொள்கை. அதை வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பார்.

ரோபோக்கள் மண்டபத்துப் பக்க அறையில் இருந்தன. காவலுக்கு நின்றவனும் பார்சல் வாங்கப் போயிருந்தான். மாஸ்டர் பூனை மாதிரி உள்ளே நுழைந்தார். அவருடைய ரோபோ மூலையில் துவாய் போர்த்தபடி நின்றது. அதைத் திரும்பியும் பார்க்காமல் நீர்வேலி ரோபோவிடம் போய் மூடித் தகட்டைக் கழற்றினார்.

உள்ளே பார்த்ததும் அவருக்கு இரத்தம் கொதித்தது. அச்சு அசல் அவர் வெட்டுவித்தது போலவே ஒரு நாக்கு! அதே வளைவு, அதே மினுக்கம்.

“கள்ளப் பெடியள்! எங்கடையைப் பாத்தெல்லே வெட்டியிருக்குதுகள்!”

கொஞ்சநஞ்சம் உறுத்திக்கொண்டிருந்த மனச்சாட்சியும் அத்தோடு அடங்கிவிட்டது. இனி இது களவா? களவுக்குத் தண்டனை! நாக்கைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். தகட்டைப் பழையபடி பூட்டினார். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த ஆழக் கிணற்றை எட்டிப் பார்த்து, நாக்கை உள்ளே விட்டார். ‘டபுக்’ என்ற சத்தம் காதுக்கு இனிமையாக இருந்தது. பிறகு கை கழுவி, மீன் பொரியலை ஒரு முள் விடாமல் சப்பிச் சாப்பிட்டார்.

இறுதிச் சுற்றில் நீர்வேலிக்குத்தான் முதல் முறை. சாப்பாட்டுக்கு முன்பே நடுவர் சோதித்துச் சரி சொன்ன ரோபோ. அதனால் ஆரணி தகட்டைத் திறந்து பார்க்கவில்லை. ரோபோ கம்பியைப் பிடித்து விறுவிறென்று ஏறியது. சனம் கைதட்டியது. மாஸ்டரும் தாராளமாகத் தட்டினார்.

விசில் ஊதியது. மின்சாரம் நின்றது.

ரோபோ சர்ரென்று வழுக்கி, தொம்மென்று தரையில் விழுந்தது.

ஆரணி முகத்தை மூடிக்கொண்டாள். மாஸ்டர் வலியப் போய் அவள் தலையைத் தடவினார். “கவலைப்படாதை, பிள்ளை. குலை வெட்டுறது வேறை, ரோபோ செய்யிறது வேறை.”

ஒலிபெருக்கி சுன்னாகம் அணியைக் கூப்பிட்டது. மாஸ்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினார். நிவேதனா அவர்களுடைய ரோபோவுக்குப் பக்கத்திலேயே இல்லை. விழுந்து கிடந்த நீர்வேலி ரோபோவின் தகட்டைக் கழற்றிவிட்டு, திருப்புளியும் கையுமாக விறைத்துப்போய் இருந்தாள்.

“செத்த வீட்டுக்கோ வந்தனீர்? எழும்பி வந்து எங்கடையைத் தூக்கும்!”

“சேர்... இதுக்குள்ளை நாக்கைக் காணேல்லை.”

“அவையின்ரை நாக்கைக் காணாட்டி எங்களுக்கென்ன?” மாஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அவையின்ரை நாக்கு சாப்பாட்டுக்கு முதலே உடைஞ்சு போச்சு, சேர். நடுவரிட்டைக் கேட்டு, பங்குக் கிணத்து மெசின் மாதிரி முறை வைச்சுப் பாவிப்பமெண்டு எங்கடையைத்தான் கழட்டிக் குடுத்தனாங்கள்.”