உறைந்த ஏரியின் வேகம்

பனித்திடலில் நடந்த கண்காட்சியில் யாரோ, பனிமேல் ஓடும் பழைய ஸ்னோமொபைல் வண்டியை முடுக்கியதும் குணநாயகத்தின் முகம் மலர்ந்தது.

“இப்பிடி ஒண்டிலதான் நானும் உன்ர தம்பியும் உறைஞ்ச ஏரியில பறந்தனாங்கள்,” என்றார் மனைவி தவமலரிடம். “அந்த வேகம் இனி வராது. ஐஸ் உடைஞ்ச அண்டைக்கும் அவன்தான் முன்னுக்கு. தண்ணிக்குள்ள விழுந்தவன் என்ர காலைப் பிடிச்சிட்டான். முகத்தில உதைச்சுத்தான் கழட்டினனான்.”

தம்பி மூழ்கி இறந்ததிலிருந்து பதினெட்டு வருடங்களாக மறைத்தது பேச்சுவாக்கில் வந்துவிட்டதை அவள் முகத்தைப் பார்த்த பிறகே உணர்ந்தார்.

தவமலர் பக்கத்தில் கிடந்த ஸ்பானரை எடுத்து அவர் வாயில் ஓங்கி அடித்தாள். இரண்டு பற்கள் பனியில் விழுந்தன. ஓடிவந்தவர்களை உதறிவிட்டு அவர் சட்டையைப் பிடித்தாள்.

“உதைக்கேக்க தம்பி என்ன சொன்னவன்?”

மறுபடி ஸ்பானர் உயர்ந்தது. அவர் தடுக்கவில்லை.

“அத்தான் எண்டவன்,” என்றார்.