கைநழுவிய பாட்டில்

1978ஆம் ஆண்டு நவம்பர் எட்டாம் நாள், புதன்கிழமை. விடியற்காலையில் பிடித்த மழை பத்து மணிக்குத்தான் தூறலாகத் தணிந்திருந்தது.

காரைக்காலில் மருத்துவமனையின் மருந்து வரிசையில், பூவம் கிராமத்துக் கருப்பையன் காலிப் பாட்டிலோடு நின்றான். மூன்று வயது மகள் காய்ச்சலில் துவண்டு, அவன் மனைவி அமுதத்தின் தோளில் கிடந்தாள். தண்ணீர் மருந்து வாங்குவோர் பாட்டில் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

பேருந்தில் ஏறியது முதல் அவன் மனைவியைக் குறை சொல்வதை விடவில்லை. போன தடவை அவள் எடுத்து வந்த பாட்டிலுக்கு மூடி பொருந்தாமல், பாதி மருந்து மடியிலேயே வழிந்துவிட்டதாம்.

"அதான் இந்தத் தடவை நானே தேடி எடுத்து, நானே மூணு தண்ணி விட்டு அலசினேன். எதையும் பாத்துச் செய்யணும் புள்ள. ஒனக்கு எங்க அது வரப்போவுது?"

வரிசையில் சிலர் சிரித்தார்கள். அமுதம் குழந்தையின் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.

கம்பவுண்டர் சந்தனசாமி ஒவ்வொரு பாட்டிலையும் முகர்ந்து பார்த்த பிறகே மருந்து ஊற்றுவார். இவர் மோந்து முடிப்பதற்குள் நோவே தானாகப் போய்விடும் என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார்.

கருப்பையனின் முறை வந்தது. சந்தனசாமி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். கணவனையும் மனைவியையும் ஏறிட்டுப் பார்த்தார். மறுகணம் பாட்டில் அவர் கைநழுவி, சன்னலுக்கு வெளியே விழுந்து சிதறியது.

"மோந்து பாக்கத் தெரியுது, புடிக்கத் தெரியலையா? புள்ளைக்கு நெருப்பாக் கொதிக்குதுங்க. நான் இனிமே பூவத்துக்குப் போயா பாட்டில் கொண்டாருவேன்?"

"தப்பு என்னோடதுதாங்க," என்றார் சந்தனசாமி.

வெறுங்காலோடு நின்றவர்கள் மிதித்துவிடக் கூடாதென்று, அமுதம் குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கலானாள். வரிசை முழுவதும் கம்பவுண்டரின் கவனக்குறைவைப் பற்றிப் பேசியது.

சந்தனசாமி, தாம் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்திருந்த பாட்டிலைக் காலி செய்து, அதில் மருந்தை ஊற்றினார். பக்கத்துக் கதவருகே கருப்பையனை அழைத்துக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பயிர் மருந்து வாடைங்க. வீட்டுல அந்த மாதிரி வேற பாட்டில் இருந்தா இன்னைக்கே ஒடச்சுப் பொதச்சிருங்க. ஒங்க வீட்டுக்காரம்மா முன்னால சொல்ல மனசு வரல."

குறுவைப் பயிருக்குத் தெளிப்பதற்காகப் பக்கத்து வயல் சுப்பையனிடம் அந்தப் பாட்டிலில் பூச்சிமருந்து வாங்கி வந்தது அப்போதுதான் கருப்பையனின் நினைவுக்கு வந்தது. மகளை இறுக அணைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கருப்பையன் பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோய்க் கம்பவுண்டரிடம் சேர்த்தான். அதன்பின் மனைவியிடம் 'பாத்துச் செய்' என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

ஏன் என்று அமுதமும் கேட்டதில்லை. அன்று துண்டுகளைப் பொறுக்கிய கையை, வாடை போகும்வரை குழாயடியில் நான்கு முறை தேய்த்துக் கழுவிய பிறகே, அவள் மகளை மீண்டும் தூக்கினாள்.