முதலில் வரும் காருக்கு

மேம்பாலத்தின் மேல் என் பழைய கார் மிதந்துகொண்டிருந்தது. என்னைவிட இருபது வயது மூத்தது. ஆனால் இன்று ஓர் உறுமல் இல்லை, நடுக்கம் இல்லை. கப்பல் தலைவனைப் போல ஸ்டியரிங்கில் விரல் நுனியை மட்டும் வைத்திருந்தேன். மற்ற கார்களின் கூரைகளெல்லாம் எனக்குக் கீழே தெரிந்தன.

மனைவி போனில் அழைத்தாள். பாத்திரங்களோடு தன் சின்ன காரில் வேறு வழியாக வந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, ஓட்டிக்கிட்டு வரீங்களா, தள்ளிக்கிட்டு வரீங்களா?"

"பாலத்து மேல பறந்துக்கிட்டு வரேன். உன் டப்பா எங்க நிக்குது?"

"இன்னும் அதே சிக்னல்லதான். ஆனா டப்பாவுல ஏசி ஓடுது. உங்க அரண்மனையில?"

"ஜன்னல் இருக்கே! ஒண்ணு திறக்காது, ஒண்ணு மூடாது."

"பந்தயம் ஞாபகம் இருக்கில்ல?"

மறக்குமா? நாங்கள் குடிபோகும் புது வீட்டில் ஒரு காருக்குத்தான் இடம். முதலில் போய்ச் சேரும் கார் அங்கே தங்கும். மற்றதை விற்றுவிட வேண்டும். இந்த யோசனையைச் சொன்ன மேதை நான்தான். அவள் கார் பொத்தானை அழுத்தினால் கிளம்பும். என் காரிடம் முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும்.

"ஆமா, வண்டிச் சத்தமே கேக்கலையே?"

"அந்தக் காலத்து இன்ஜின்மா. அதோட அருமை உனக்குப் புரியாது."

போனை வைத்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. அருமையாவது! பாலத்துக்கு முன்பே ஒரு தும்மல் போட்டுப் படுத்துவிட்ட கார் இது. பானெட்டைத் திறந்து, எல்லாம் தெரிந்தவனைப் போல உள்ளே முறைத்துக்கொண்டு நின்றேன். யாரையும் கூப்பிடுவதற்குள், பழுதான கார்களை ஏற்றிப்போகும் லாரி ஒன்று தானாகவே பின்னால் வந்து நின்றது. அப்படி ஓர் அதிர்ஷ்டம்!

இப்போது லாரியின் முதுகில் கார், காருக்குள் நான். தன் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்ன டிரைவரிடம், கௌரவத்தைக் காரணம் காட்டி மறுத்திருந்தேன். தெருமுனையில் இறக்கிவிட்டால் போதும். அங்கிருந்து வீடு வரை சரிவு. உருட்டிக்கொண்டே போய் நிறுத்திவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

தெருமுனையில் லாரி நின்றது. எட்டிப் பார்த்தேன். வாசலில் இடம் காலி. ஜெயித்துவிட்டேன்!

"அண்ணே, சீக்கிரம் இறக்குங்க, அவ வந்துடப் போறா. அப்புறம் ஒண்ணு... லாரியில வந்தது என் வீட்டுக்காரிக்குத் தெரியவே கூடாது."

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"உங்க பின்னாலேயே வந்து, எப்படியாவது உங்க காரை முதல்ல சேத்துடச் சொல்லி நேத்தே லாரி பேசினது அவங்கதான் சார்."