மாடியில் ஒரு வெள்ளை விரிப்பு

"அந்த பெட்ஷீட்டை முதல்ல இறக்கச் சொல்லுங்க. கம்பெனியை மிரட்டுற மாதிரி தொங்குது."

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி இதை மின்நிலைய இன்ஜினியரிடம்தான் சொன்னார். எதிரே நிற்கும் சலவைக்கடைக்காரியிடம் நேராகப் பேசினால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அதிலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காது எனக்கு நல்லாவே கேக்கும். என்கிட்டயே சொல்லுங்க" என்றாள், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு. "துவைச்ச துணியை மாடியில காயப்போடறது ஒரு குத்தமா?"

"நீங்க காயப்போடல. காவலுக்குக் கட்டியிருக்கீங்க."

அது உண்மைதான். கடைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே ஒரு தெருதான். முன்பு அங்கே நிலக்கரி எரித்தார்கள். காலையில் வெளுத்துக் காயப்போட்ட துணி சாயங்காலம் சாம்பல் பூசிக்கொண்டு இறங்கும். தெருப் பிள்ளைகள் இருமிக்கொண்டேதான் வளர்ந்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் ஒரு படுக்கை விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கே போய்விட்டாள். தொட்டுப் பார்த்த நீதிபதியின் விரல் கறுத்துப் போனது. நிலக்கரிக்கு அத்தோடு மூடுவிழா.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த இயற்கை எரிவாயு நிலையம். ஊரின் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தெருவிளக்கு, ஏன், அவளுடைய சலவை இயந்திரம்கூட அந்த மின்சாரத்தில்தான் ஓடுகிறது. புகைபோக்கி என்று பெயர்தானே தவிர, அதிலிருந்து புகை வருவதைப் பார்த்தவர்கள் இல்லை. இருந்தாலும் தினமும் மாடிக் கொடியில் ஒரு வெள்ளை விரிப்பைக் கட்ட அவள் தவறியதே இல்லை. யாரை நம்பினாலும் கம்பெனிக்காரர்களை நம்புவதாக இல்லை அவள்.

அதிகாரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குரலில் கொஞ்சம் தேன் தடவிக்கொண்டார்.

"பாருங்கம்மா, கேஸ் விலை எகிறிப்போச்சு. கொஞ்ச காலத்துக்கு எண்ணெய் எரிக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். லேசா புகை இருக்கும், அவ்வளவுதான். எங்க கெஸ்ட் ஹவுஸ் துணியெல்லாம் இனிமே உங்க கடைக்கே வரும். நீங்க பெட்ஷீட்டை மட்டும் மறந்துடுங்க."

"உங்க வீடு எங்க இருக்கு?"

"அது எதுக்கு இப்போ?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான். இந்தத் தெருவுல இல்லேல்ல?"

அதிகாரி திரும்பி இன்ஜினியரைப் பார்த்தார். அவன் முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, பெரிய மனுஷர் கடை தேடி வந்து பேசறாரு, மரியாதை தெரியாதா உங்களுக்கு?" என்று சீறினான். "சார், நான்தான் அப்பவே சொன்னேனே, இந்தம்மா எதுக்கும் மசியாதுன்னு."

"நீங்க பேசாதீங்க இன்ஜினியர்" என்றாள் அவள். "மேலிடம் சொன்னா பெத்த பிள்ளை மூக்குலயும் புகையை விடற ஆளு நீங்க."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதிகாரி குரலை உயர்த்தினார். "இந்தக் கடைக்குக் கரண்ட் எங்ககிட்டேர்ந்துதான் வருது. ஞாபகம் இருக்கா?"

"பிடுங்கிடுங்க. கையால துவைச்சுத்தான் இந்தக் கடையை ஆரம்பிச்சேன். அந்தக் கல்லு பின்கட்டுலதான் கிடக்கு."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. நிலக்கரிக் காலத்தில் மகள் இழுப்பு வந்து தவித்ததும், மூச்சு நின்றுவிடுமோ என்று மடியில் போட்டுக்கொண்டு இவள் தவித்ததும் கண்முன் வந்து போயின. அந்த நாட்கள் மறுபடி வருவதானால் தன்னை மிதித்துத்தான் வரவேண்டும்.

"லேசான புகைங்கறீங்க. லேசா செத்துப் போறதுன்னு ஒண்ணு இருக்கா? எண்ணெய் எரிங்க, தாராளமா எரிங்க. அந்த பெட்ஷீட்டுல கடுகளவு கறுப்பு விழட்டும், மறுநாளே அதைச் சுருட்டிக்கிட்டு கோர்ட்டு வாசல்ல நிப்பேன். நான் போகாத இடமா அது? இந்தத் தெருவுலயும் வீட்டுக்கு ஒண்ணு கட்டச் சொல்லியிருக்கேன். எத்தனை பேர் வாயை அடைப்பீங்க?"

"மிரட்டறீங்களா?"

"ஆமா."

இப்படியொரு பதிலை அதிகாரி எதிர்பார்க்கவில்லை. எழுந்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மறுபடியும் கோர்ட்டுன்னா, போர்டு மீட்டிங்குல என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க" என்று இன்ஜினியரிடம் முணுமுணுத்தார். "எண்ணெய் வேணாம்னு சொல்லிடுங்க. எப்பவும் போல கேஸே ஓடட்டும். எதிர்த்த வீட்டுல இப்படியொரு பொம்பளையை வச்சுக்கிட்டு எப்படித்தான் காலம் தள்றீங்களோ."

"என் தலையெழுத்து சார்" என்றான் அவன். "நீங்க கார்ல கிளம்புங்க. நான் இந்தம்மாவை நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டுட்டு நடந்தே வந்துடறேன்."

கார் தெருமுனை திரும்பி மறையும்வரை வாசலில் நின்றான். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினான். அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்து அவளிடம் நீட்டினான்.

"நேத்து ஒத்திகையில இவ்வளவு வெளுத்து வாங்கலையேக்கா" என்றான்.

"நேத்து அந்த ஆளு எதிர்ல இல்லையே, தம்பி."