மீதி ஆறு இஞ்ச்

"லாரி இங்கேருந்து நகரக் கூடாது!"

காக்ஸ் டவுனில் அந்தக் குறுக்குத் தெருவை மறித்துக்கொண்டு நின்றார் ரங்கநாதன். பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். ஒரு கையில் இழுத்து நீட்டிய அளவு டேப், இன்னொரு கையில் தார்க்கட்டி.

லாரி நிறையச் சூடான தார்க் கலவை. ஆவி பறந்தது.

"இதைப் பாரும்மா." மாநகராட்சி இன்ஜினீயர் வீணாவிடம் கட்டியை நீட்டினார். "நேத்து தெருமுனையில போட்டீங்களே, அதுல ஓரமாப் பேத்தேன். உள்ள வெள்ளை வெள்ளையா என்ன? பெயிண்ட்! எங்க ஸ்பீட் பிரேக்கர்ல அடிச்சிருந்த கோடு. எங்க ரோட்டையே சுரண்டி எங்களுக்கே போடறீங்களா?"

"ஆமா சார், அதேதான். சுரண்டினதை பிளான்ட்டுக்குக் கொண்டுபோய், புதுத் தார் சேர்த்து, சூடு பண்ணிக் கொண்டுவர்றோம். பலம் குறையாது. டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கு."

"பழைய சாம்பாரைச் சூடு பண்ணிப் புதுசுன்னு ஊத்தற கதை."

ரோலர்மேல் உட்கார்ந்திருந்த ஜெயவேலு சிரித்துவிட்டான். கோலார் தங்கவயல்காரன். "எங்க ஊர்ல ஒரு தடவை அரைச்சுக் கொட்டின மண்ணையே திரும்ப அரைச்சுத் தங்கம் எடுத்தாங்க சார். தாருக்கு என்ன?"

"உன்னை யாராவது கேட்டாங்களா?"



அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாடி வீட்டு சிந்து செல்போனில் வீடியோ எடுத்தாள். ரங்கநாதனுக்குக் குரல் ஏறியது.

"எல்லாரும் கேளுங்க. இவங்க சுரண்டினது பத்து இஞ்ச். நானே அளந்தேன். திரும்பப் போடறது நாலு இஞ்ச். மீதி ஆறு இஞ்ச் யார் வயித்துக்குள்ள போச்சு?"

"ஈஜிபுராவுல ஒரு ரோட்டுக்கு அடியில போடப் போகுது சார்" என்றாள் வீணா.

"எங்க ரோட்டை ஈஜிபுராவுக்குத் தூக்கிக் கொடுக்க நீங்க யாரு? பதினஞ்சு வருஷத்துல மூணு தடவை நான் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு, கூட நின்னு, கனமாப் போடவச்ச ரோடு இது. பத்து இஞ்சும் புதுசாப் போடணும். அதுக்கு மேல ரெண்டு இஞ்ச். இல்லைன்னா வண்டியைத் திருப்பு."

"என்னங்க..." கேட்டுக்கு உள்ளேயிருந்து அவர் மனைவி தமயந்தி கூப்பிட்டாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாத்திரை எடுத்துக் கொடுத்துட்டுப் போய்ச் சண்டை போடுங்களேன்."

"வர்றேன். நீ படியில கால் வைக்காதே." திரும்பி வீணாவைப் பார்த்தார். "போன மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்தது. அந்தச் சாக்கடையைச் சரி பண்ண வக்கில்லை. திருட்டு ரோடு போட வந்துட்டாங்க."

எதிர்வீட்டு கிளாரன்ஸ் பிளாஸ்கோடு வந்தார். கீழே கார் நிறுத்தும் இடம், மேலே வீடு என்று உயர்த்திக் கட்டியவர். வாசலில் கார் நிறுத்தும் தகராறில் இவருக்கும் ரங்கநாதனுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. ஜெயவேலுவுக்கு டீ ஊற்றினார். ஒரு வாரமாக இதே வழக்கம்.

ரங்கநாதன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "சிலபேர் டீயெல்லாம் கொடுக்கறாங்க. அந்தப் பக்கத்துலேருந்து என்ன வந்ததோ."

"ஜெயவேலு, சர்க்கரை போதுமா பாரு" என்றார் கிளாரன்ஸ்.

"மேடம், கலவை ஆறுது. அப்புறம் ரோலர் ஏத்தியும் படியாது" என்றான் ஜெயவேலு.

வீணா கெஞ்சினாள். "சார், ரோடு மட்டம் குறையணும்னுதான் இந்த வேலையே. மேலிடத்து ஆர்டர்."

"யார் கேட்டு ஆர்டர்? பேப்பர் எங்கே?"

வீணா கிளாரன்ஸைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். ரங்கநாதன் அதைப் பார்த்துவிட்டார்.

"பார்த்தீங்களா? சைகை காட்டறார்! சிந்து, இதையும் எடும்மா. பேப்பரைக் கொடு இன்ஜினீயர். எல்லார் முன்னாலயும் படிக்கறேன். யார் யோக்கியன்னு தெரியட்டும்."

வீணா ஃபைலைப் பிரித்து ஒரு மனுவைக் கொடுத்தாள். கீழே கிளாரன்ஸின் கையெழுத்து. ரங்கநாதனுக்கு முகம் மலர்ந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் உரக்கச் சொன்னார்.

"'ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டார்கள். அதனால் என் எதிர்வீட்டு வாசல்...'"

குரல் இறங்கியது.

"'...வாசல் ரோட்டைவிட இரண்டு படி கீழே போய்விட்டது. மழைத் தண்ணீர் முழுக்க அந்த வீட்டுக்குள்தான் போகிறது. போன மழையில் அந்த வீட்டம்மா ஆறு மணி நேரம் கட்டில்மேல்...'"

நிறுத்திவிட்டார்.

"மேல படிங்க அங்கிள்" என்றாள் சிந்து.

வீணா பேப்பரை வாங்கி மீதியைப் படித்தாள். "'...உட்கார்ந்திருந்தார்கள். அவர்களால் வாக்கரோடு வெளியே வர முடியவில்லை. ஆறு இஞ்ச் தாழ்ந்தால் ஒரு படியாவது குறையும். நான் சொன்னேன் என்று தெரிந்தால் வீட்டுக்காரர் அதற்காகவே தடுப்பார். என் பெயர் வெளியே வர வேண்டாம்.'"

சிந்து போனைக் கீழே இறக்கினாள். கிளாரன்ஸ் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

ரங்கநாதன் கேட் பக்கம் பார்த்தார். தமயந்தி இன்னும் அங்கேயே நின்றாள், மாத்திரைக்கு.

டேப்பை விட்டார். சரக்கென்று உள்ளே சுருண்டது. லாரியின் வழியிலிருந்து விலகினார்.

"ஜெயவேலு."

"சார்?"

"நாலு இஞ்சுக்கு மேல ஒரு நூல் ஏறக் கூடாது. நான் அளந்து பார்ப்பேன்."