சுவர்ப் பக்கத்து டயர்

சம்பந்தி வீட்டார் வந்து சேர இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருந்தது. குவாக் யோங்தே டயர் கடையில் நின்று, அதே டயரை ஏழாவது முறையாக விரலால் தட்டிப் பார்த்தார்.

"முதலாளி, அது தர்பூசணி இல்ல. தட்டினா ஒண்ணும் தெரியாது" என்றார் கடைக்காரர் யோம். அவர் கடைக்குள் கால் வைத்த ஆண்கள் எல்லாருமே அவருக்கு முதலாளிதான்.

யோங்தேயின் மனைவி ஓக்சுன் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, காகிதக் கோப்பையில் கடைக்காரர் கலந்து கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் அவளை அழைத்து வந்திருந்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இது சாதா டயர். நாலும் சேர்ந்து எட்டு லட்சம் வொன். காத்து போச்சுன்னா சப்பையா உட்கார்ந்துரும். அது ரன்-ஃபிளாட். நாலும் பதினாறு லட்சம். பக்கவாட்டு ரப்பர் கல்லு மாதிரி இருக்கும். காத்தே இல்லாம எண்பது கிலோமீட்டர் ஓடும். உங்க வண்டியில ஸ்டெப்னியே கிடையாது. அதனாலதான் ஜெர்மன்காரன் இதைப் போட்டு அனுப்புறான்."

"காத்து இல்லேன்னாலும் நிமிர்ந்து நிக்குமா?"

"நிக்கிறதென்ன, ஓடும்ங்கிறேன்."

"பார்க்கிறவங்களுக்குத் தெரியாதுல்ல?"

"ஓட்டுற உங்களுக்கே தெரியாது."

யோங்தேயின் முகம் மலர்ந்தது. விலை நினைவுக்கு வந்ததும் வாடியது.

மகள் சோயுலுக்கு வரன் தேடப் பதிவு செய்தபோது, கல்யாணத் தகவல் நிறுவனத்தின் படிவத்தில் 'தந்தையின் வாகனம்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஓய்வூதியம், வீட்டின் பரப்பு ஆகிய கட்டங்களைச் சின்ன எழுத்தில் நிரப்பிய யோங்தே, இதில் மட்டும் கட்டத்துக்கு வெளியே வழியும்படி 'ஜெர்மன் கார்' என்று எழுதினார். அந்தக் கட்டம்தான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது என்பது அவர் நம்பிக்கை.

மாப்பிள்ளையின் அப்பா சாங்வானில் சுற்றுலாப் பேருந்துகள் விடுபவர். ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வண்டியின் டயரைப் பார்ப்பாராம். நாளை மதிய விருந்து முடிந்ததும் பழம் சாப்பிட மாப்பிள்ளை வீட்டார் யோங்தேயின் வீட்டுக்கு வருகிறார்கள். குடியிருப்பின் வாசலை ஒட்டியே நின்ற ஜெர்மன் காரின் நான்கு டயர்களும் தரையோடு அப்பிக் கிடந்தன.

"நாளைக்குச் சம்பந்தி வர்றப்ப டயர் அந்த லட்சணத்துல இருந்தா, இந்தக் கல்யாணம் அவ்வளவுதான். ஆனா கையில பன்னிரண்டு லட்சம்தான் இருக்கு" என்றார் யோங்தே.

"அப்ப சாதாவே போடுங்க. பஞ்சர் அடைக்கிற பசை ஒரு டப்பா இனாமாத் தர்றேன்."

"டயர்ல எழுதியிருக்கிறதைப் படிச்சே கண்டுபிடிச்சுருவாரு. பஸ்காரரு!"

யோங்தே கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். பிறகு விரலைச் சொடுக்கினார்.

"இடப் பக்கம் ரெண்டும் ரன்-ஃபிளாட். வலப் பக்கம் ரெண்டும் சாதா. சரியா பன்னிரண்டு லட்சம்."

யோம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு முதலாளி அப்படி?"

"வண்டி நிக்கிற இடத்துல வலப் பக்கம் சுவர். யாரும் பார்க்க மாட்டாங்க."

"ஓடுறப்ப சுவரும் கூடவே ஓடி வருமா?"

ஓக்சுனுக்குப் புரையேறியது. யோங்தே அவளை முறைத்தார். அவள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டாள்.

"டயரை அப்படிக் கலந்து மாட்டக் கூடாதுங்க. ஒரு பக்கம் விறைப்பு, ஒரு பக்கம் நெகிழ்வு. வண்டி ஒரு பக்கமா இழுக்கும்."

"இழுக்காது."

"பிரேக் போட்டா சுத்திரும்."

"சுத்தாது."

"இருபத்தாறு வருஷமா டயர் மாட்டுறவன் சொல்றேன், இழுக்கும்னு!"

"என் வண்டியைப் பத்தி எனக்குத் தெரியாதா? இழுக்காது. நீங்க சாயங்காலம் வீட்டுக்கே வந்து மாட்டிட்டுப் போங்க." யோங்தே சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளை உறையை எடுத்து மேசையில் வைத்தார்.

யோம் உறையைத் தொடவில்லை. டயரை உருட்டிக்கொண்டு போய் அடுக்கில் சாய்த்தார்.

"மாட்ட மாட்டேன். வேற கடை பாருங்க."

"இந்த அளவு வேற எங்கயும் இல்லையே! நாலு கடை ஏறி இறங்கிட்டுத்தான் வர்றேன்."

"அதுக்காக? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா டயர் மாட்டினது யாருன்னு போலீஸ் என்னைத்தான் கேட்கும்."

"ஒண்ணும் ஆகாதுய்யா. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா?"

"எழுதிக் கொடுத்தா உயிர் திரும்பி வருமா?" யோம் முக்காலியின் பக்கம் திரும்பினார். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா. நாளைக்குச் சம்பந்தியைப் பின்னாடி உட்கார வெச்சுக்கிட்டு, பெருமைக்கு நூறுல அழுத்துவாரு. ஒரு வளைவு போதும். பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணப் போறீங்களா, இல்ல ரெண்டு குடும்பத்துக்கும் சேர்த்துக் காரியம் பண்ணப் போறீங்களா?"

ஓக்சுன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஓக்சுன்!" என்று பல்லைக் கடித்தார் யோங்தே.

"வண்டி எங்க தம்பி ஓடப்போகுது? இன்ஜினை வித்த காசுதான் அந்த உறையில இருக்கு."