முதுகில் புழுதி

முந்தாநாள் மைல்கல்லை விட்டுக் கிளம்பிய நத்தை, அப்போதுதான் வளைவுக்கு வந்து சேர்ந்தது. வந்ததும் வராததுமாக, ஒரு சிறுத்தை புழுதி பறக்க அதைத் தாண்டிப் பாய்ந்து போனது.

வளைவில் புதருக்குள் பதுங்கியிருந்த டிராஃபிக் ஆமை தலையை நீட்டி, நாலு காலையும் வெளியே எடுத்து, விசில் ஊதுவதற்குள் சாலையில் மிச்சமிருந்தது நத்தை மட்டும்தான்.

"ஓரங்கட்டுடா! என்ன வேகம் இது?"

நத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானாங்கய்யா?"

"முதுகெல்லாம் புழுதி. வேகமா வராம எப்படி ஒட்டும்? மாசக் கடைசியில ஒரு கேஸாவது கிடைச்சுதே! வண்டியை ஸ்டேஷன்ல விட்டுட்டு நடந்து போ."

"இது வண்டி இல்லீங்கய்யா, என் வீடு!"

"வீட்டையே இந்த வேகத்துல ஓட்டிட்டு வர்றியா? அது தனிக் கேஸு."

அந்த நேரம் பார்த்துச் சிறுத்தை வந்த வழியே திரும்பிப் பறந்தது. புழுதி அடங்கியதும் நத்தை மெல்லக் கொம்பை நீட்டிப் பார்த்தது.

"ஐயா, உங்க முதுகுலயும் புழுதி."

ஆமை கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்தது. அதன் முகம் மலர்ந்தது.

"டூட்டியில இருக்கறவன் எவ்வளவு வேகமா வேணா போகலாம்டா," என்றது.